ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் அந்த ஒரு வரி

தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஒரு நேரம் திரையில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிகிறது. புகார் வந்ததும் நிரலாளர், அந்த மதிப்பைக் காட்டும் இடத்தில் 330 நிமிடங்களைக் கூட்டும் ஒரு வரியை எழுதிவிடுகிறார். திரை சரியாகிறது, புகாரும் முடித்துவைக்கப்படுகிறது. சில மாதங்கள் கழித்து அதே மென்பொருள் வேறொரு சர்வருக்கு இடம் மாறுகிறது. அங்கே நேர மண்டலம் முறையாக அமைக்கப்பட்டிருப்பதால், தரவுத்தளத்துக்கும் நிரலுக்கும் இடையில் நிற்கும் டிரைவரே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் தந்துவிடுகிறது; பழைய வரி தன் பங்குக்கு இன்னோர் ஐந்தரையைக் கூட்டுகிறது. காலை ஒன்பது மணிக்கு நடந்தது பிற்பகல் இரண்டரைக்கு நடந்ததாகவும், மாலை ஆறரைக்குப் பிறகு நடந்தவை எல்லாம் மறுநாள் கணக்கிலும் போய் விழுகின்றன.

அந்த வரியில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. கூட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படவில்லை என்பதுதான் குறை: அந்த நெடுவரிசையில் இருப்பது எந்த வகையான நேரம்? ‘2024-03-10 02:30:00’ என்ற ஒரே எழுத்துக்கோவை மூன்று வெவ்வேறு பொருள்களைத் தாங்கி நிற்க முடியும். ஒருவர் உள்நுழைந்தது, ஒரு தொகை கைமாறியது போன்றவை கணங்கள். உலகின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அவை ஒரே புள்ளியில்தான் நிகழ்ந்தன, கடிகாரங்கள் மட்டுமே அவற்றை வேறுவேறாகப் படிக்கும். தினமும் காலை ஒன்பதுக்கு அலாரம் அடிக்க வேண்டும், தேர்வு பத்து மணிக்குத் தொடங்கும் என்பவை சுவர்க்கடிகார நேரங்கள். எந்த ஊரின் சுவர் என்று சொல்லும்வரை அவை கணங்களாக மாறுவதில்லை. பிறந்த தேதியும் விடுமுறை நாளும் வெறும் நாட்காட்டி நாட்கள். அவற்றில் மணியே கிடையாது. கணத்தை வேறு மண்டலத்தில் காட்டலாம், பிறந்த தேதியை அப்படிக் காட்டக் கூடாது. சுவர்க்கடிகார நேரத்தில் ஒரு நாளைக் கூட்டலாம், ஆனால் அதனால் எத்தனை மணி நேரம் கடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தத் திருத்தம் பொருந்தும் என்பதை வகைதான் முடிவு செய்கிறது. அந்த வகையோ பெரும்பாலும் எங்கும் எழுதிவைக்கப்படாமல், முதன்முதலில் அட்டவணையை வடிவமைத்தவரின் நினைவில் மட்டுமே இருந்துவிடுகிறது.

தரவுத்தளங்களின் தரவு வகைகள் இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இருக்கின்றன என்றாலும், அவற்றின் பெயர்களை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் உள்ள ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்’ வகை, பெயருக்கு மாறாக, நேர மண்டலத்தைச் சேமிப்பதே இல்லை. உள்ளே வரும் மதிப்பின் மண்டலத்தைப் பயன்படுத்தி அதை உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றி, 2000 ஜனவரி 1 முதல் கடந்த மைக்ரோவிநாடிகளின் எண்ணிக்கையாக 8 பைட்டுகளில் எழுதிவிட்டு, மண்டலத் தகவலைத் தூக்கி எறிந்துவிடுகிறது. வெளியே தரும்போது அப்போதைய செஷனின், அதாவது தரவுத்தளத்தோடு நிரல் ஏற்படுத்திக்கொண்ட இணைப்பின், நேர மண்டலத்துக்கு ஏற்ப மறுபடி உடுத்தி அனுப்புகிறது. அதாவது அது கணத்தைச் சேமிக்கும் வகை. அதன் உடன்பிறப்பான, மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப் வகையோ சுவர்க்கடிகாரத்தை மட்டுமே அறியும். மதிப்போடு ‘+05:30’ (யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே) என்று ஒட்டிக் கொடுத்தாலும் அந்த ஒட்டைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிட்டு இலக்கங்களை மட்டும் வாங்கிக்கொள்ளும். எச்சரிக்கைகூட வராது. இந்த மௌனம் எனக்கு என்றுமே உவப்பானதாக இருந்ததில்லை.

இதே தரவுத்தளத்தில் ‘அட் டைம் ஸோன்’ என்ற செயல்குறி பலரைக் குழப்பியிருக்கிறது. மண்டலம் இல்லாத மதிப்பின் மேல் அதைப் பயன்படுத்தினால், ‘இந்தச் சுவர்க்கடிகார நேரம் இந்த மண்டலத்தைச் சேர்ந்தது’ என்று பொருள்கொண்டு ஒரு கணத்தைத் தருகிறது. கணத்தின் மேல் பயன்படுத்தினால், ‘இந்தக் கணத்தில் அந்த மண்டலத்தின் சுவரில் என்ன மணி’ என்று சுவர்க்கடிகார நேரத்தைத் தருகிறது. ஒரே சொல் இரு எதிர்த் திசைகளில் நகர்த்துகிறது; எந்தத் திசை என்பது நெடுவரிசையின் வகையைப் பொறுத்தது. நெடுவரிசையின் வகையைப் பார்க்காமல், தரவைக் கேட்டெடுக்கும் ஆணையான குவெரி ஒன்றை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து வைப்பவருக்குச் சரியான அளவில், ஆனால் தவறான திசையில் நகர்ந்த நேரமே கிடைக்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் பிரிவினை வேறு மாதிரி. அங்கே ‘டைம்ஸ்டாம்ப்’ என்பது செஷனின் மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது மறுபடி மாற்றித் தருவது. ‘டேட்டைம்’ என்பது கொடுத்ததை அப்படியே வைத்திருப்பது. ஒரே வரிசையில் உருவாக்கிய நேரம் ஒரு வகையாகவும் திருத்திய நேரம் மற்றொரு வகையாகவும் இருந்தால், செஷனின் மண்டலம் மாறும் நாளில் ஒன்று நகரும், மற்றது நகராது. உருவாக்குவதற்கு முன்பே திருத்தப்பட்ட பதிவுகள் அறிக்கையில் தோன்றும். மேலும், மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 1970 தொடங்கி 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07 வரைதான் செல்லும். முப்பதாண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியை அதில் வைக்க முனைந்தவர்கள் இந்தச் சுவரில் ஏற்கெனவே முட்டியிருப்பார்கள். மண்டலம் மாற்றுவதற்கென்று அங்கே இருக்கும் ‘கன்வெர்ட் டீஸெட்’ செயல்கூற்றுக்கு மண்டலப் பெயர்களைக் கொடுத்தால், அதற்கான அட்டவணைகள் சர்வரில் நிரப்பப்படாத நிலையில், பிழை காட்டாமல் வெறுமதிப்பைத் திருப்பித் தரும். சோதனைச் சூழலில் ஓடிய அறிக்கை, உண்மையான சூழலில் வெற்றுக் கட்டங்களோடு வருவதற்கு இது ஒரு காரணம்.

மற்றவற்றுக்கும் அவரவர் விநோதங்கள் உண்டு. ஆரக்கிளின் ‘டேட்’ வகையில், பெயர் தேதி என்று இருந்தாலும், விநாடி வரை நேரமும் ஒளிந்திருக்கிறது. ‘இந்தத் தேதிக்குச் சமம்’ என்று கேட்டால் நள்ளிரவில் பதிந்தவை மட்டுமே கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய ‘டேட்டைம்’ வகை மில்லிவிநாடியைத் துல்லியமாக வைப்பதில்லை. கடைசி இலக்கம் 0, 3, 7 என்ற மூன்றில் ஒன்றுக்குத்தான் உருட்டப்படும். எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே இல்லை. எழுத்தாகவோ, நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாளாகவோ, 1970 முதலான விநாடிகளாகவோ எழுதிக்கொள்ள வேண்டியதுதான், எப்படி எழுதினோம் என்பதை நாமே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் டிரைவரும் நிரல்மொழியும் தம் வேலையைத் தொடங்குகின்றன. ஜாவாவின் பழைய வழியில், மண்டலம் இல்லாத நெடுவரிசையைப் படித்தால் கிடைப்பது ‘ஜாவா எஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப்’ என்ற பொருள். அந்தப் பொருளோ உள்ளுக்குள் ஒரு கணத்தைத்தான் வைத்திருக்க முடியும். எனவே டிரைவர், சுவர்க்கடிகார இலக்கங்களை எடுத்து, நிரல் ஓடும் இயந்திரத்தின் இயல்பு மண்டலத்தை இட்டு நிரப்பி, ஒரு கணத்தை உருவாக்கிக் கொடுக்கிறது. ஒரே வரிசையை இரண்டு சர்வர்கள் படித்தால், அவற்றின் மண்டல அமைப்பு வேறாக இருக்கும் பட்சத்தில், இரண்டு வெவ்வேறு கணங்கள் பிறக்கின்றன. நிரலாளரின் மடிக்கணினி உள்ளூர் மண்டலத்திலும் சர்வரில் நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர் யூடிசியிலும் இருப்பது வழக்கம் என்பதால், ‘என் கணினியில் சரியாக ஓடுகிறதே’ என்ற வாக்கியத்துக்கு நேரக் கணக்குகளில் தனி இடம் உண்டு. 2014இல் ஜாவா 8 வெளிவந்தபோது, ஜோடா டைம் நூலகத்தை உருவாக்கிய ஸ்டீபன் கோல்பர்னின் முன்னெடுப்பில் புதிய நேரத் தொகுப்பு ஒன்று மொழிக்குள்ளேயே சேர்ந்தது. கணத்துக்கு ‘இன்ஸ்டண்ட்’, சுவர்க்கடிகாரத்துக்கு ‘லோக்கல் டேட்டைம்’, நாளுக்கு ‘லோக்கல் டேட்’ என்று அதில் தனித்தனி வகைகள் உள்ளன. நெடுவரிசைக்கு ஏற்ற வகையை நேரடியாகக் கேட்டு வாங்கும் வசதியையும் இன்றைய டிரைவர்கள் தருகின்றன. ஒரு மதிப்பில் மண்டலம் தெரியவில்லை என்றால், அது தெரியாததாகவே நிரலுக்குள் வரட்டும். இட்டு நிரப்புவதை நாம் பார்த்துச் செய்வோம் என்பதே இதன் பயன்.

பைத்தானில் இதே பிளவு, மண்டலம் அறிந்த பொருள், அறியாத பொருள் என்ற பெயரில் இருக்கிறது. அந்த மொழியின் ‘யூடிசி நவ்’ செயல்கூற்று நீண்ட காலம் ஒரு பொறியாக இருந்தது: யூடிசி நேரத்தின் இலக்கங்களைத் தரும், ஆனால் அது யூடிசி என்ற குறிப்பை வைக்காது. அந்தப் பொருளை விநாடிகளாக மாற்றக் கேட்டால், மொழி அதை உள்ளூர் நேரம் என்று கருதிக் கணக்கிட்டு, மண்டல வேறுபாட்டின் அளவுக்குத் தவறிய எண்ணைத் தரும். பைத்தான் 3.12இல் அது கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் ‘2024-03-10’ என்று தேதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவாகவும், அதனோடு மணியைச் சேர்த்து மண்டலம் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாகவும் படிக்கப்படும். நியூயார்க்கில் இருப்பவருக்கு முதலாவது, மார்ச் 9 என்று திரையில் தெரியும். இதன் மறுபக்கம் இன்னும் பொதுவானது: யூடிசிக்குக் கிழக்கே, +05:30இல் இருக்கும் ஒருவர் படிவத்தில் தேர்ந்தெடுத்த பிறந்த தேதி, உள்ளூர் நள்ளிரவாக மாறி, யூடிசியாகும்போது முந்தைய நாள் மாலை 18:30 ஆகி, தேதி நெடுவரிசையில் ஒரு நாள் குறைந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குத் திருத்தமாக ஒரு நாளைக் கூட்டும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். மேற்கே இருப்பவர் படிவத்தை நிரப்பும்வரை அவை சரியாகவே ஓடும். நாளை நாளாகவே, மணி ஒட்டாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டு செல்வதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

இனி, அந்த 330 நிமிடங்களுக்கு வருவோம். யூடிசியிலிருந்து இவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஆஃப்செட் வேறு, நேர மண்டலம் வேறு. ‘+05:30’ என்பது ஓர் எண். ‘ஏசியா/கொழும்பு’ என்பது ஒரு வரலாறு. இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை +06:30க்கு நகர்த்தி, அதே ஆண்டு அக்டோபரில் +06:00க்குக் குறைத்து, 2006 ஏப்ரலில் பழைய +05:30க்குத் திரும்பியது. 2001ஆம் ஆண்டின் யூடிசிப் பதிவு ஒன்றை இலங்கை நேரத்தில் காட்ட இன்றைய ஆஃப்செட்டைக் கூட்டினால் அரை மணி நேரம் தவறும். வட கொரியா 2015இல் அரை மணி பின்னே போய் 2018இல் திரும்பி வந்தது. சமோவா, தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியதால் 2011 டிசம்பர் 30ஆம் நாளையே வாழவில்லை. இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் தொகுத்து வைத்திருப்பது, ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் பேணிவரும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பு. 2011 முதல் அது, இணைய முகவரி எண்களை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறது. லினக்ஸ், ஜாவா, பைத்தான், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என எல்லாமே அதன் பிரதிகளைத்தான் பயன்படுத்துகின்றன. பிரதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்: தரவுத்தளத்திடம் உள்ள பிரதியும் நிரலிடம் உள்ள பிரதியும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருந்தால், ஒரே மாற்றத்தை இருவரிடமும் கேட்டு இரண்டு விடைகள் பெறலாம். ஆகவே மாற்றத்தை எங்கே செய்வது என்று ஓரிடத்தைத் தீர்மானித்துவிட்டு அங்கேயே செய்வது நல்லது.

அந்தத் தொகுப்பின் ஆழத்துக்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. பைத்தானின் பழைய பைடீஸெட் நூலகத்தில் கொல்கத்தா மண்டலத்தை நேரடியாக ஒரு தேதிப் பொருளுக்குள் இட்டால், ஆஃப்செட் +05:30க்குப் பதிலாக +05:53 என்று வரும். பொதுவான நேரம் வகுக்கப்படுவதற்கு முன், கொல்கத்தாவின் சூரியனைக் கொண்டு கணித்த உள்ளூர் நேரம் அது. தொகுப்பில் அந்த மண்டலத்தின் முதல் பதிவாக அது இருப்பதால் நூலகம் அதையே எடுத்துக்கொள்கிறது. 23 நிமிட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. 2020இல் பைத்தான் 3.9 தன்னோடு கொண்டுவந்த ‘ஸோன் இன்ஃபோ’வில் இந்தச் சிக்கல் இல்லை.

கோடைக்கால நேரம் கடைப்பிடிக்கப்படும் இடங்களில் சுவர்க்கடிகாரத்துக்கும் கணத்துக்கும் இடையிலான உறவு ஆண்டுக்கு இருமுறை அறுந்து ஒட்டுகிறது. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று அதிகாலை இரண்டு மணி ஆனதும் கடிகாரம் மூன்றுக்குத் தாவியது; கட்டுரையின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டிய 02:30 அன்று அங்கே வரவேயில்லை. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று இரண்டு மணி, மீண்டும் ஒன்றானது. 01:30 இருமுறை வந்தது. இல்லாத நேரத்தைக் கொடுத்தால் ஜாவாவின் புதிய தொகுப்பு ஒரு மணி முன்னே தள்ளும்; இருமுறை வரும் நேரத்துக்கு முதல் வரவை எடுத்துக்கொள்ளும். பைத்தான் 3.6 முதல், இரண்டில் எது என்று சொல்ல ‘ஃபோல்ட்’ என்ற குறியை வைத்திருக்கிறது. நூலகத்தின் இயல்புத் தேர்வு நமக்கு ஒத்துவருமா என்பது செயலைப் பொறுத்தது. ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் ஒரு மணி நேரம் தள்ளிப் போவதில் நட்டமில்லை. ஆனால் மருந்து கொடுத்த நேரம் பதிவாகும் அட்டவணையில் இரண்டாவது 01:30ஐ முதலாவதாகப் படிப்பது சிறு பிழை ஆகாது. சுவர்க்கடிகார இலக்கங்களை மட்டும் சேமித்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் பதிந்தவற்றை எந்த நிரலாலும் பிரித்தெடுக்க முடியாது. ஏறுவரிசை எண் போன்ற வேறு தடயம் இருந்தால் ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவே.

கூட்டல் கழித்தலும் இதனால் இரண்டு வகைப்படுகிறது. ‘ஒரு நாள் கழித்து’ என்பது நாளைக்கு இதே மணி. ‘24 மணி நேரம் கழித்து’ என்பது கடந்துபோகும் கால அளவு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் ‘இன்டர்வல்’ வகைக்குள் மாதங்களையும் நாட்களையும் மைக்ரோவிநாடிகளையும் மூன்று தனி எண்களாக வைத்திருப்பதே இந்த வேறுபாட்டைக் காப்பதற்குத்தான். நியூயார்க் மண்டலத்தில் அமைந்த செஷனில் மார்ச் 9 நண்பகலுடன் ஒரு நாளைக் கூட்டினால் மறுநாள் நண்பகலும், 24 மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் பிற்பகல் ஒரு மணியும் கிடைக்கும். இரண்டுமே சரி, எது வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பைத்தானில் ஓர் எதிர்பாராத இடறல் இருக்கிறது: மண்டலம் அறிந்த பொருளோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால், அது சுவர்க்கடிகாரக் கூட்டலாகவே நடந்து அதே மணியைத் தரும். உண்மையாகக் கடந்த நேரம் வேண்டுமானால் யூடிசிக்கு மாற்றி, கூட்டி, திரும்ப மாற்ற வேண்டும்.

மாதங்கள் இன்னும் மோசம். ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்க்யூஎல், ஜாவா ஆகியவை பிப்ரவரியின் கடைசி நாளுக்கு இழுத்து நிறுத்தும். பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும் வழிந்து மார்ச் மாதத்துக்குள் போய்விடும். ஆரக்கிளின் ‘ஆட் மன்த்ஸ்’ இன்னொரு கொள்கை உடையது: தொடக்க நாள் மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் விடையும் கடைசி நாளாகவே இருக்கும், ஆகவே பிப்ரவரி 28உடன் ஒரு மாதம் சேர்த்தால் மார்ச் 31. மாதச் சந்தாவின் அடுத்த தேதியை ஒவ்வொரு முறையும் முந்தைய தேதியிலிருந்து கணக்கிடும் நிரலில், 31ஆம் தேதி சேர்ந்தவர் பிப்ரவரியைத் தாண்டியதும் 28ஆம் தேதிக்காரராக நிலைபெற்றுவிடுகிறார். மார்ச்சில் 31க்குத் திரும்புவதில்லை. சேர்ந்த நாளை மாறாமல் ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மாதம், மூன்று மாதம் என்று ஒவ்வொரு முறையும் நேராகக் கூட்டினால் இந்தத் தேய்வு ஏற்படாது. ஒரு மாதத்தை இருமுறை கூட்டுவதும் இரண்டு மாதத்தை ஒருமுறை கூட்டுவதும் ஒன்றல்ல என்பது, பள்ளிக்கூடக் கணக்கில் ஊறிய மனத்துக்கு எளிதில் ஒப்பாத உண்மை.

ஒரு நாளுக்குரிய பதிவுகளை எடுக்கும் குவெரியில் திருத்தம் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதும் முக்கியம். நெடுவரிசையின் மேல் ‘டேட்’ செயல்கூற்றையோ மண்டல மாற்றத்தையோ போர்த்தி, கிடைத்ததைத் தேதியோடு ஒப்பிட்டால், தேடலை விரைவாக்க அந்த நெடுவரிசைக்கு அமைத்த வழக்கமான இண்டெக்ஸ் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. தரவுத்தளம் ஒவ்வொரு வரிசையையும் தொட்டுக் கணக்கிட வேண்டியிருக்கும். நெடுவரிசையைச் சும்மா விட்டுவிட்டு, வேண்டிய நாளின் தொடக்கத்தையும் மறுநாளின் தொடக்கத்தையும் நிரலில் கணங்களாக மாற்றி, முதலாவதற்குச் சமமாகவோ பிந்தியோ, இரண்டாவதற்குக் கண்டிப்பாக முந்தி என்று கேட்பதே உரிய முறை. முடிவு எல்லையாக 23:59:59 என்று எழுதுபவர் கடைசி விநாடியின் பின்னங்களை இழக்கிறார். அதற்குத் தீர்வாக 23:59:59.999 என்று எழுதுபவர், எஸ்க்யூஎல் சர்வரின் பழைய வகையிலோ, பின்ன இலக்கம் இல்லாத மைஎஸ்க்யூஎல் நெடுவரிசையிலோ சேமிக்கும்போது, அது மேல்நோக்கி உருட்டப்பட்டு மறுநாள் நள்ளிரவாகிவிடுவதைக் காண்பார். நாளின் தொடக்கம் எப்போதும் 00:00 என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 2018 நவம்பர் 4 அன்று கடிகாரம் நள்ளிரவிலேயே ஒரு மணிக்குத் தாவியது. அந்த நாள் 01:00க்குத்தான் பிறந்தது. ‘இந்த மண்டலத்தில் இந்த நாள் எப்போது தொடங்குகிறது’ என்று நூலகத்திடமே கேட்கும் வழி ஜாவாவில் இருக்கிறது.

துல்லியத்தைப் பற்றி ஒரு குறிப்பு போதும்: ஜாவா நானோவிநாடி வரை வைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் மைக்ரோவிநாடியோடு நின்றுவிடும். சேமித்ததையும் கையில் இருப்பதையும் சமமா என்று ஒப்பிட்டு, ‘வேறு யாரோ இதற்கிடையில் திருத்திவிட்டார்கள்’ என்று முடிவு செய்யும் நிரல்கள் இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்கின்றன. சேமிப்பதற்கு முன்பே மைக்ரோவிநாடிக்கு வெட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் மாற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. நடந்து முடிந்தவற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். வரவிருப்பவற்றுக்குப் பொருந்தாது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மெக்சிகோ நகரில் 2023 ஜூன் மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு என்று ஒரு சந்திப்பை 2022இன் தொடக்கத்தில் பதிவு செய்து, அப்போதிருந்த விதிப்படி கோடைக்கால ஆஃப்செட்டான -05:00ஐக் கொண்டு யூடிசி 15:00 என்று சேமித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2022 அக்டோபரில் அந்நாட்டின் பெரும்பகுதி கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. 2023 ஜூனில் அங்கே ஆஃப்செட் -06:00. யூடிசி 15:00 இப்போது காலை ஒன்பது. சந்திப்புக்கு வருபவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். தரவுத்தளம் மட்டும் ஒரு மணி நேரம் முன்பே போய்க் காத்திருக்கும். துருக்கி 2016இல் கோடைக்கால நேரத்திலேயே நிலைத்துவிட்டது, எகிப்து 2023இல் கைவிட்டதை மீண்டும் கொண்டுவந்தது. இத்தகைய முடிவுகளை அரசுகள் சில வாரங்கள் முன்புகூட அறிவிக்கும். எனவே எதிர்கால நிகழ்வுக்குச் சுவர்க்கடிகார நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் மூலமாகச் சேமித்து, யூடிசியை அவற்றிலிருந்து கணித்த துணை நெடுவரிசையாக மட்டும் வைத்துக்கொள்வதும், மண்டலத் தொகுப்பு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இன்னும் நிகழாதவற்றுக்கு அந்தத் துணையை மறுபடி கணக்கிடுவதும்தான் சரியான அமைப்பு. வெறும் ஆஃப்செட்டைச் சேமிப்பது இங்கே உதவாது. விதி மாறும்போது பழைய ஆஃப்செட்டும் சேர்ந்தே பொய்யாகிவிடும்.

ஏற்கெனவே கெட்டுப்போன தரவைச் சரிசெய்யும் வேலை தனிக் கலை. முதலில், எல்லா வரிசைகளும் ஒரே மாதிரி கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இருக்காது. பதிவுகளை நாளின் மணிவாரியாக எண்ணி, மாதத்துக்கு ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால், பகலில் உயர்ந்து இரவில் தாழும் மேடு எந்த மாதத்தில் திடீரென ஐந்தரை மணி நேரம் இடம் பெயர்ந்தது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பெயர்ந்த கணத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேறொரு கடிகாரம் தேவை: வலைச் சர்வரின் பதிவேடு, பணப் பரிமாற்றச் சேவை அனுப்பிய ரசீது நேரம் போல நம் பிழை தொடாத ஒன்று. புதிய பதிப்பு பல சர்வர்களில் படிப்படியாக நிறுவப்பட்டிருந்தால், சில மணி நேரம் இரண்டு வகை மதிப்புகளும் கலந்தே விழுந்திருக்கும். அந்த இடைவெளிக்குத் தனியாக உட்கார வேண்டும்.

திருத்தத்தை இருக்கும் நெடுவரிசையின் மேலேயே எழுதக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை நேரத்தைப் பின்னோக்கி நகர்த்தும் ஆணை பாதியில் இணைப்பு அறுந்து நின்றதாகத் தோன்ற, மறுபடி ஓட்டினேன்; முதல் ஓட்டம் உண்மையில் முடிந்திருந்தது. எந்த வரிசை ஒருமுறை நகர்ந்தது, எது இருமுறை நகர்ந்தது என்பதை மதிப்பைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை, காப்புப் பிரதிதான் காப்பாற்றியது. புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, பழைய மதிப்பிலிருந்து கணித்ததை அதில் எழுதினால், எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றே. ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியான பின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லில் மேலும் ஒரு கண்ணி இருக்கிறது. வரிசை மாறும்போதெல்லாம் தானாக இப்போதைய நேரத்தை ஏற்கும்படி அமைத்த நெடுவரிசை அட்டவணையில் இருந்தால், நம் திருத்த ஆணையே அதைத் தூண்டி, ஆண்டுக்கணக்கான ‘கடைசியாகத் திருத்திய நேரம்’ எல்லாவற்றையும் இன்றைய தேதியால் அழித்துவிடும். அந்த ஆணையிலேயே அந்த நெடுவரிசைக்கு அதன் பழைய மதிப்பையே வெளிப்படையாக ஒப்படைத்தால் இது நடக்காது.

சோதனைகளைப் பொறுத்தவரை, யூடிசியில் ஓடும் இயந்திரத்தில் மட்டும் சோதித்தால் மண்டலப் பிழைகள் எவையும் வெளிவராது. எல்லா மாற்றமும் அங்கே பூஜ்யத்தைக் கூட்டுவதாகவே இருக்கும். ஒரே சோதனைத் தொகுப்பை நிரலின் மண்டலம் ஒன்று, தரவுத்தள செஷனின் மண்டலம் வேறொன்று என்று வேண்டுமென்றே பிரித்து ஓட்டுவதை நான் விரும்புகிறேன். +05:45இல் உள்ள காத்மாண்டும், கோடையில் +13:45 வரை போகும் சாத்தம் தீவுகளும் இதற்கு ஏற்றவை: முழு மணிகளை மட்டும் எண்ணிப் பழகிய நிரல் அங்கே முதல் ஓட்டத்திலேயே விழும். ‘இப்போது’ என்பதை நிரல் நேரடியாகக் கணினியிடம் கேட்காமல், வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஒரு கடிகாரத்திடம் கேட்கும்படி எழுதியிருந்தால், மார்ச் 10 அதிகாலை 01:59ஐயும் ஜனவரி 31இன் நள்ளிரவையும் எந்த நாளிலும் வரவழைத்துச் சோதிக்கலாம். தொடக்கத்தில் சொன்ன அந்த 330 நிமிட வரி இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடத் தாண்டியிருக்காது.